பதிவேட்டின் ஒரு வரியும் மருந்துக் கம்பெனியின் முடிவும்

ஒரு புதிய மருந்தைத் தயாரிப்பதா வேண்டாமா, எந்த நோயாளிகளிடம் அதனைச் சோதிப்பது, விற்பனைக்கு வந்த பின்னர் அதனைத் தொடர்வதா நிறுத்துவதா என்பன போன்ற முடிவுகள் முன்னாட்களில் ஆய்வுக்கூட முடிவுகளையும் அனுபவமிக்க சில மருத்துவர்களின் கருத்தையும் கொண்டே எடுக்கப்பட்டு வந்தன. இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. மருத்துவமனைகளின் நோயாளர் குறிப்புகள், மருந்துச் சீட்டுகள், காப்பீட்டுக் கணக்குகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், மரபணு விவரங்கள் ஆகிய யாவும் இலட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் சேர்க்கப்பட்டு, கணிப்பொறிகளால் அலசப்படுகின்றன. இத்தகைய மாபெரும் தொகுப்பே 'பெருந்தரவு' எனப்படுகிறது. மருந்துக் கம்பெனிகளின் ஆலோசனை மேசையில் இன்று முதலிடம் பெறுவது இதுவே.

இச்செய்தி கிராமத்துச் செவிலியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் தொடர்பற்றது எனத் தோன்றக்கூடும். உண்மை அதற்கு மாறானது. பெருந்தரவு என்பது வானத்திலிருந்து பொழிவதன்று. எங்கோ ஓரிடத்தில், யாரோ ஒருவர், ஒரு நோயாளியின் வயதையும் அவர் உட்கொண்ட மாத்திரையின் பெயரையும் அதன்பின் நேர்ந்ததையும் எழுதிவைக்கிறார். அந்த ஒரு வரிதான் கடலின் துளி. துளி கலங்கியிருப்பின் கடலும் கலங்கியதே. துளி எழுதப்படாது போயின், அந்த நோயாளியைப் போன்றவர்கள் உலகில் இருப்பதையே கணிப்பொறி அறியாது. ஆகவே பெருந்தரவைப் பற்றிய விவாதத்தில் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் உரிய இடம் பார்வையாளரின் இடமன்று, பங்காளியின் இடமாகும்.

தரவினால் விளைந்த நன்மை

முதற்கண் இம்முறையின் பயனை ஒப்புக்கொள்ளுதல் நியாயமாகும். 2003ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள், இரத்தத்தில் கொழுப்பு மிகுதியாக இருந்த சில குடும்பங்களை ஆராய்ந்து, 'பி.சி.எஸ்.கே.9' என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே அதற்குக் காரணம் எனக் கண்டனர். அப்படியாயின், அந்த மரபணு வேலை செய்யாதவர்களுக்குக் கொழுப்புக் குறைவாக இருக்க வேண்டுமன்றோ? அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜானதன் கோஹன் ஆகிய இருவரும் அத்தகையோரைத் தேடிக் கண்டனர். 2006இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. பல்லாண்டுகள் தொடர்ந்து பதிவுசெய்யப்பட்ட 3,363 கறுப்பின அமெரிக்கர்களுள் 2.6 சதவீதத்தினருக்கு அம்மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் மாற்றம் இருந்தது. அவர்களுக்குத் தீய கொழுப்பு 28 சதவீதம் குறைவாகவும், இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாகவும் காணப்பட்டன. இயற்கையே நடத்திமுடித்த ஒரு சோதனை, பதிவேடுகளில் உறங்கிக் கிடந்தது எனலாம். அதனைப் படித்தறிந்த மருந்துக் கம்பெனிகள், அம்மரபணு உண்டாக்கும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்குவதில் துணிந்து இறங்கின. 2015இல் அத்தகைய இரு மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இங்குக் கவனிக்க வேண்டியவை இரண்டு. பல்லாயிரம் பொருள்களைக் கண்மூடித்தனமாகச் சோதித்துப் பார்க்கும் வீண்செலவை நல்ல தரவு குறைக்கிறது என்பது ஒன்று. அம்மருந்துகளின் தொடக்க விலை ஆண்டொன்றுக்கு 14,000 டாலருக்கு மேல் இருந்தது என்பது மற்றொன்று. எவருடைய உடலின் விவரம் அறிவைத் தந்ததோ, அவருள் ஏழையாயிருந்தவர் அந்த அறிவின் பயனை வாங்க இயலாத நிலையில் இருந்தார். தரவைக் கொடுப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர் என்னும் இக்கேள்வி பின்னரும் எழும்.

சோதனை கூறாததைப் பதிவேடு கூறும்

மருந்துச் சோதனைகள் எவ்வளவு கவனமாக நடத்தப்பட்டாலும் அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு மருந்தினால் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் வீதம் கடுமையான தீங்கு நேரும் எனக் கொள்வோம். 3,000 பேரிடம் அதனைச் சோதித்தால், அத்தீங்கு ஒருவரிடமும் தென்படாமற் போவதற்கு நூற்றுக்கு 74 பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு முறையேனும் அது கண்ணில் படும் என்பதற்கு 95 சதவீத உறுதி வேண்டுமாயின், ஏறத்தாழ 30,000 பேரைச் சோதிக்க வேண்டும். அவ்வளவு பெரிய சோதனைகள் அரிது. ஆகவே அரிய தீங்குகள் பெரும்பாலும் மருந்து கடைக்கு வந்து, இலட்சக்கணக்கானோர் உட்கொண்ட பின்னரே வெளிப்படுகின்றன.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே மெய்ப்பித்துக் காட்டலாம். நூறு புளியங்கொட்டைகளுள் ஒன்றில் மட்டும் சுண்ணாம்புக் குறியிட்டு ஒரு பையில் இடுக. ஒரு குழு முப்பது முறை பார்க்காமல் எடுத்து, ஒவ்வொரு முறையும் திரும்பப் பையில் போடட்டும். பத்துக் குழுக்கள் இவ்வாறு செய்தால், ஏறத்தாழ ஏழு குழுக்கள் குறியிட்ட கொட்டையைக் காணாமலே முடிக்கும். பத்துக் குழுக்களின் கணக்கையும் ஒன்றுசேர்த்துக் கரும்பலகையில் எழுதினால், அந்தக் கொட்டை எங்கேனும் ஓரிடத்தில் வந்திருப்பது அநேகமாக உறுதி. தனித்தனியே காணாததைத் தொகுத்தால் காணலாம் என்னும் பெருந்தரவின் அடிப்படைத் தத்துவம் இவ்வளவே.

இத்தத்துவம் பெரும் துயரத்தின் விலையில் கற்கப்பட்டதாகும். தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை உட்கொண்ட தாய்மார்களுக்குக் கைகால் குறைபாட்டுடன் பல்லாயிரம் குழந்தைகள் பிறந்தன. 1961இல் அம்மருந்து விலக்கப்பட்ட பிறகே, ஒவ்வொரு நாட்டிலும் சிதறிக் கிடக்கும் அறிக்கைகளை ஓரிடத்தில் திரட்ட வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 1968இல் சர்வதேச மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1978 முதல் அதன் தொகுப்புப் பணி சுவீடன் நாட்டு உப்சலா நகரில் நடைபெற்று வருகிறது. அங்குள்ள களஞ்சியத்தில் இன்று 3 கோடிக்கும் மேற்பட்ட அறிக்கைகள் உள்ளன.

இந்தியாவின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் புது டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தொடங்கப்பட்டது. 2011 முதல் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதன் தேசிய ஒருங்கிணைப்பு மையமாக விளங்குகிறது. அது செய்யும் பணிக்கு ஓர் உதாரணம்: மாதவிலக்கு வலிக்கும் மூட்டு வலிக்கும் பெரிதும் உட்கொள்ளப்படும் மெஃபெனமிக் அமிலம் பற்றி, 2023 நவம்பரில் அவ்வாணையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறி கட்டுதல், உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவற்றுடன் கூடிய ஒருவகைக் கடும் ஒவ்வாமை அம்மருந்தினால் நேரக்கூடும் என, இந்நாட்டிலிருந்தே வந்த அறிக்கைகளை ஆராய்ந்து அது தெரிவித்தது. மருத்துவமனையில் எவரோ நிரப்பி அனுப்பிய படிவங்கள் இல்லையெனில் இவ்வெச்சரிக்கை இல்லை.

தரவு இருந்தும் தாமதம்

எனினும், தரவைக் குவித்துவிட்டால் நல்ல முடிவு தானே வந்துவிடும் என எண்ணுவது பெரும் பிழையாகும். ரோஃபெகாக்சிப் என்ற வலி நிவாரணியின் வரலாறு இதற்குச் சான்று. 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அம்மருந்து, விரைவிலேயே பல நாடுகளில் விற்பனையாயிற்று. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8,000 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையில், ஒப்பீட்டுக்காக நாப்ராக்சென் என்ற பழைய மருந்து உட்கொண்டவர்களைவிட, ரோஃபெகாக்சிப் உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக நேர்ந்தது. எண்கள் கண்முன் இருந்தன. அவற்றுக்கு இருவகையாகப் பொருள் கொள்ள இயலும்: புதிய மருந்து இதயத்துக்குத் தீங்கு செய்கிறது என்பது ஒன்று, பழைய மருந்து இதயத்தைக் காக்கிறது என்பது மற்றொன்று. கம்பெனி இரண்டாவது விளக்கத்தையே முன்வைத்தது.

பின்னர் வேறொரு நோக்கத்திற்காக நடத்தப்பட்ட சோதனையில், வெற்று மாத்திரையுடன் ஒப்பிடும்போதும் மாரடைப்பு மிகுந்தமை தெரிந்ததால், 2004 செப்டம்பரில் அம்மருந்து உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவும் அவ்வாண்டு டிசம்பரில் அதனைத் தடைசெய்தது. 2005இல் வெளியான ஓர் ஆய்வு, கலிபோர்னியாவின் மாபெரும் மருத்துவக் காப்பீட்டு அமைப்பொன்றின் ஏறத்தாழ 14 இலட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு அதே அபாயத்தை எடுத்துக்காட்டியது. அதற்குப் பயன்பட்ட பதிவுகள் 1999 முதல் 2001 வரையிலானவை. அதாவது, விடை மூன்றாண்டுகளுக்கு முன்பே கணிப்பொறியில் இருந்தது. கேள்வி கேட்பார் இல்லை. எண்கள் தாமே பேசுவதில்லை. அவற்றைக் கேள்வி கேட்பவர் யார், அவருக்கு எந்த விடையில் இலாபம் என்பதே முடிவை நிர்ணயிக்கிறது.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. 2020 மே மாதத்தில் புகழ்பெற்ற மருத்துவச் சஞ்சிகையொன்றில், 671 மருத்துவமனைகளைச் சேர்ந்த 96,000 கொரோனா நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்ததாகக் கூறும் கட்டுரை வெளிவந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுவின் மருந்து மரணத்தை அதிகரிக்கிறது என்பது அதன் முடிவு. உலக சுகாதார நிறுவனம் தான் நடத்திவந்த சோதனையில் அம்மருந்துக்குரிய பகுதியை உடனே நிறுத்திவைத்தது. ஆனால் அத்தரவில், ஆஸ்திரேலியாவில் அதுவரை பதிவான கொரோனா மரணங்களைவிட மிகுதியான மரணங்கள் காட்டப்பட்டிருந்தன! மூலப் பதிவுகளைக் காட்டுமாறு கேட்டபோது, அவற்றை வைத்திருந்த நிறுவனம் காட்ட மறுத்தது. இரு வாரங்களுக்குள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

அதே ஆண்டில் பிரிட்டனில் நடைபெற்ற சோதனையொன்று நேரான வழியில் சென்றது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மருந்து தந்தும் மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தந்தும் ஒப்பிட்டனர். ஹைட்ராக்சிகுளோரோகுவின் பயனற்றது எனவும், டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது எனவும் தெளிவாயிற்று. டெக்சாமெத்தசோன் ஆய்வில் ஒப்பிடப்பட்டவர்கள் 6,425 பேரே. சரிபார்க்க இயலாத 96,000ஐவிட, ஒழுங்காகத் திட்டமிட்ட 6,425 மேலானது. தொகை பெரிதாயிருப்பது உண்மைக்கு உத்தரவாதமாகாது.

விற்பனை மேசையின் தரவு

மருந்துக் கம்பெனிகள் தரவைப் பயன்படுத்துவது நோயறியவும் தீங்கு காணவும் மட்டுமன்று, விற்பதற்கும் ஆகும். எந்த மருத்துவர் எந்த மருந்தை எத்தனை முறை எழுதுகிறார் என்ற விவரம் அமெரிக்காவில் நெடுங்காலமாக விலைக்கு வாங்கி விற்கப்பட்டு வருகிறது. வெர்மான்ட் மாநிலம் 2007இல் இதனைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. 2011இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

இதனினும் கொடிய செய்தி 2020 ஜனவரியில் வெளியாயிற்று. மருத்துவர்கள் நோயாளர் குறிப்பு எழுதப் பயன்படுத்தும் கணிப்பொறி ஏற்பாட்டை நடத்திவந்த அமெரிக்க நிறுவனமொன்று, அபினி வகை வலி மருந்துகளைத் தயாரிக்கும் கம்பெனியிடம் கையூட்டுப் பெற்று, அவ்வகை மருந்துகளை எழுதுவதை ஊக்குவிக்கும் நினைவூட்டல் குறிப்புகள் மருத்துவரின் திரையில் தோன்றுமாறு அமைத்தது வெளிப்பட்டது. அந்நிறுவனம் 14 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. மருத்துவர் அதனை விஞ்ஞான அறிவுரை என நம்பினார். உண்மையில் அது விளம்பரம். கணிப்பொறித் திரையில் தோன்றுவதெல்லாம் நடுநிலையானது என்ற நம்பிக்கை எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதனைவிடச் சிறந்த பாடம் இல்லை. இந்தியாவின் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் இத்தகைய ஏற்பாடுகள் பெருகிவரும் இக்காலத்தில், திரையில் வரும் ஒவ்வோர் அறிவுரையையும் எழுதியவர் யார், அதற்குப் பணம் கொடுத்தவர் யார் எனக் கேட்கும் வழக்கம் இப்போதே வேரூன்ற வேண்டும்.

தரவில் இல்லாத மக்கள்

இந்திய வாசகர் மிகவும் கருத வேண்டியது, தரவில் எவர் இருக்கிறார் என்பதைவிட எவர் இல்லை என்பதேயாகும். மரபணுக்களையும் நோய்களையும் தொடர்புபடுத்தும் பேராய்வுகளில் கலந்துகொண்டவர்களுள் 2009இல் 96 சதவீதத்தினர் ஐரோப்பிய வழியினர். 2016இலும் அவர்கள் 81 சதவீதமாக இருந்தனர். அத்தொகுப்புகளைக் கொண்டு எடுக்கப்படும் முடிவுகள் ஐரோப்பியரின் உடலை அளவுகோலாகக் கொண்டவை.

இதனால் நேரும் கேடு கற்பனையன்று. கார்பமாசெபைன் என்பது வலிப்பு நோய்க்குப் பல்லாண்டுகளாகத் தரப்படும் மருந்து. அதனை உட்கொள்வோருள் மிகச் சிலருக்குத் தோல் தீப்பட்டது போல் உரிந்து உயிருக்கே ஆபத்து விளையும். 2004இல் தைவான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், அத்தீங்குக்கு ஆளான 44 நோயாளிகளை ஆராய்ந்தனர். அவர்கள் அனைவரிடமும் 'எச்.எல்.ஏ.-பி 1502' என்ற மரபணு வகை இருந்தது. மருந்தை நன்கு ஏற்றுக்கொண்டவர்களிடம் அது 3 சதவீதமே காணப்பட்டது. அவ்வகை ஐரோப்பியரிடம் மிகமிக அரிது. ஆகவே ஐரோப்பியத் தொகுப்பு எவ்வளவு பெரிதாயினும் அதில் இவ்வுண்மை தென்பட்டிராது. இந்தியர் உள்ளிட்ட தென்னாசியரிடையே அது சராசரி 2 முதல் 4 சதவீதம் எனவும், சில பிரிவினரிடம் இன்னும் கூடுதல் எனவும் மதிப்பிடப்பட்டுள்ளது. அமெரிக்க அரசாங்கம் 2007இல் இதுபற்றிய எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் செய்தது. ஒரு சிறிய தீவில் கவனமாக எழுதப்பட்ட சில பதிவுகள், கண்டங்கள் அளவு பெரிய தொகுப்பு கண்டறியாததைக் கண்டறிந்தன.

இக்குறையைப் போக்க இந்தியாவில் முயற்சி தொடங்கியுள்ளது. பல மக்கட் பிரிவினரைச் சேர்ந்த 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதிகளைக் கண்டறியும் திட்டம் 2020இல் தொடங்கப்பட்டு, அதன் தரவு 2025 ஜனவரியில் ஃபரிதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியாக ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் மரபணு பாதிக்கதைதான். அம்மரபணுவை உடையவர் எந்த மருந்தை உட்கொண்டார், அவருக்கு என்ன நேர்ந்தது என்ற மறுபாதி, மாவட்ட மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எழுதப்பட வேண்டியது.

செய்யத்தக்கது யாது?

களப்பணியாளர்களுக்குப் பதிவேடுகள் ஏற்கெனவே மிகுதி. இன்னொரு படிவத்தைச் சுமத்துவது நியாயமா எனச் சிலர் கேட்பர். இக்கேள்வி நேர்மையானது. ஒரே விவரத்தை மூன்று ஏடுகளிலும் இரண்டு கைப்பேசிச் செயலிகளிலும் எழுதச்செய்யும் நிலை இருக்கும்வரை, எழுதப்படுவது அவசரத்தில் எழுதப்படுவதாகவே இருக்கும். ஒரே தேதியில் பத்துப் பேருக்கு ஒரே இரத்த அழுத்தம் பதியப்பட்டால், அதனைக் கணிப்பொறி உண்மை என்றே ஏற்கும். ஆகவே நல்ல தரவு வேண்டுமென விரும்பும் அரசாங்கம் முதலில் செய்ய வேண்டியது, தேவையற்ற ஏடுகளை ஒழித்து, தேவையான ஏட்டிற்கு நேரம் தருவதாகும். தண்டனைக்கு அஞ்சி நிரப்பப்பட்ட கட்டத்தைவிட, வெறுமையாக விடப்பட்ட கட்டம் விஞ்ஞானத்துக்குக் குறைந்த தீங்கே செய்யும்.

அச்சுமை குறைந்தபின், மருந்துத் தீங்கு பற்றிய அறிக்கை பெரிய வேலையன்று. அதற்கு இன்றியமையாதவை நான்கு: நோயாளியை இனங்காட்டும் குறிப்பு, அறிவிப்பவரின் விவரம், சந்தேகத்துக்குரிய மருந்து, நேர்ந்த தீங்கு. நோயாளியின் முழுப்பெயர் வேண்டியதில்லை. முதலெழுத்தும் வயதும் போதுமானவை. மருந்துதான் காரணம் என்று நிரூபித்தபின் அனுப்ப வேண்டும் என்பதில்லை, சந்தேகமே போதும். நிரூபிப்பது தொகுத்து ஆராய்பவரின் கடமை. மருத்துவர் மட்டுமன்றி, செவிலியர், மருந்தாளுநர், நோயாளி ஆகியோரும் அறிவிக்கலாம். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் கிடைக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமற்ற தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம். உட்கொண்ட தேதியும் தீங்கு தொடங்கிய தேதியும் சரியாக இருப்பின், அவ்வறிக்கையின் மதிப்புப் பன்மடங்காகும். எது முன், எது பின் என்பது தெரியாமல் காரணத்தை ஆராய இயலாது.

அறிக்கை அனுப்பியவருக்குப் பதில் வர வேண்டும் என்பதும் முறையான கோரிக்கையே. விதைத்தவனுக்கு விளைச்சலைக் காட்டாத வயலில் மறுமுறை விதைப்பார் இலர். மாவட்டத்திலிருந்து எத்தனை அறிக்கைகள் சென்றன, அவற்றால் எந்த எச்சரிக்கை பிறந்தது என்பதை ஆண்டுதோறும் அந்தந்த மாவட்டத்தாருக்கே தெரிவிப்பது பெருஞ்செலவு பிடிப்பதன்று. செப்டம்பர் 17 முதல் 23 வரை கொண்டாடப்படும் தேசிய மருந்துக் கண்காணிப்பு வாரம் அதற்கு ஏற்ற தருணமாகும்.

கம்பெனிகளைப் பொறுத்தவரை, தரவை அவை பயன்படுத்துவதே தவறு என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. அவ்வாறு தடுத்தால் புதிய மருந்துகள் தாமதப்படும். தீங்குகளும் மறைந்தே கிடக்கும். ஆனால் பயன்பாட்டுக்கு வரம்பு வேண்டும். புதிய மருந்தை விற்போர், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்பு அறிக்கை தர வேண்டுமென இந்திய விதிகள் கூறுகின்றன. அவ்வறிக்கையைச் சரிபார்க்கும் ஆற்றல் அரசாங்கத்திடம் இல்லையெனில், விதி காகிதத்திலேயே நிற்கும். கம்பெனியிடம் நூறு புள்ளியியல் நிபுணர்களும் அரசாங்க அலுவலகத்தில் சிலரும் இருப்பின், ரோஃபெகாக்சிப் கதை மீண்டும் நிகழத் தடையில்லை. எனவே தரவுக் களஞ்சியங்களுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயோடும், அவற்றைச் சுதந்திரமாகக் கேள்வி கேட்கவல்ல அரசாங்கப் புள்ளியியலாளர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படுதல் அவசியம்.

மக்களின் சம்மதமும் அத்தகையதே. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இன்ன நோக்கத்திற்கு என்று கூறிச் சம்மதம் பெறுவதையும் அதனைத் திரும்பப் பெறும் உரிமையையும் பேசுகிறது. ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் நிபந்தனைகளுடன் விலக்கும் அளிக்கிறது. சட்டத்தின் மொழி கிராமத்துத் தாய்க்கு எட்டாது. அவளிடம் கைரேகையோ கைப்பேசிக் குறியெண்ணோ பெறும் பணியாளர், அது எதற்கு என்பதை இரண்டு எளிய வாக்கியங்களில் சொல்லக் கற்றிருக்க வேண்டும். 2021இல் இஸ்ரேல் நாட்டில், தடுப்பூசி போட்ட 5,96,618 பேரை அதே எண்ணிக்கையினரான போடாதவர்களுடன் ஒப்பிட்டு வெளியான ஆய்வு, தடுப்பூசியின் பயனை உலகுக்கு உணர்த்தியது. அதற்கு முன்னரே அந்நாட்டு அரசாங்கம் தடுப்பூசிக் கம்பெனியுடன் தரவுப் பகிர்வு பற்றி ஓர் ஒப்பந்தம் செய்து, சில பகுதிகளை மறைத்தாயினும் அதனை வெளியிட்டது. மக்களின் தரவைக் கொண்டு செய்யப்படும் ஒப்பந்தம் மக்கள் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற நெறி இந்தியாவுக்கும் பொருந்தும். அத்துடன், இந்நாட்டு மக்களின் பதிவுகளால் உருவாகும் மருந்து இந்நாட்டு மக்கள் வாங்கத்தக்க விலையில் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அத்தகைய ஒப்பந்தங்களில் சேர்ப்பது முறையாகும்.

ஆசிரியர்களின் பங்கு இவ்விடத்தில் தொடங்குகிறது. சதவீதம் என்பது பரீட்சைக்கான கணக்கு மட்டுமன்று. ஒரு தாய் தன் குழந்தைக்கு மருந்து கொடுப்பதா எனத் தீர்மானிக்கும் கருவியும் ஆகும். எத்தனை பேரில் எத்தனை பேர், எதனோடு ஒப்பிட்டு, எவரால் எண்ணப்பட்டது என்னும் மூன்று கேள்விகளை ஒவ்வொரு மாணவனும் மாணவியும் பழக்கமாக்கிக்கொண்டால், பெருந்தரவின் பெயரால் வரும் பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் மக்கள் உருவாவர். புளியங்கொட்டைப் பைக்கு அதற்கு மேல் செலவில்லை.

கோடிக்கணக்கான பதிவுகளை நொடியில் அலசும் இயந்திரங்கள் வந்துவிட்டன. இன்னும் விரைவானவையும் வரும். ஆனால் மாத்திரை உட்கொண்ட மறுநாள் தோலில் தடிப்புக் கண்ட பெண்ணைத் திண்ணையில் அமர்த்தி, எந்த மாத்திரை, எப்போது எனக் கேட்டு எழுதும் வேலையை அவை செய்வதில்லை. அவ்வேலையைச் செய்பவருக்கு நேரமும் மதிப்பும் பதிலும் தரப்படுமாயின், மருந்துக் கம்பெனிகளின் முடிவுகளில் இந்திய கிராமமும் இடம்பெறும். தரப்படாவிடின், பிறர் உடலுக்கென எடுக்கப்பட்ட முடிவுகளையே இந்நாட்டு நோயாளிகள் விழுங்க வேண்டியிருக்கும்.